பரிமளா அக்கா பேசும் நான்கு நிமிடம்

ஏகாம்பரம் அண்ணன் பரிமளா அக்கா வீட்டு வாசலில் கால் ஊன்றவில்லை. நான் முதலில் பார்த்தது அதைத்தான். நீ அன்று களம்பூரில் ஒரு ரைஸ்மில்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குக் கேமராவை எடுத்துக்கொண்டு போயிருந்தாய். நான் நம் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வழக்கம்போல அவருடைய மொபெட்டின் பின்னால் தறியில் ஏற்றும் முதலாளி வீட்டுப் பாவு நூல் வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டியிருந்தது. எந்த வீட்டுத் தறியில் பாவு தீர்ந்திருக்கிறதோ அந்த வாசலில் வண்டியை அணைக்காமல் இடது காலை மட்டும் ஊன்றி, "பாவு வந்திருக்குது" என்று குரல் கொடுப்பார். பரிமளா அக்கா கடைசிப் புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு படியில் நின்றுகொண்டிருந்தாள். வண்டி மெதுவானது. அவர் எதிரில் இருந்த மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டே அவளைக் கடந்து, அடுத்த வீட்டில் போய்க் கால் ஊன்றினார்.

"இன்னா அண்ணே, அதுக்குள்ள கண்ணு மங்கிடுச்சா? என் வூடு இங்க இருக்குது" என்று பரிமளா அக்கா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"ஒனக்கு இன்னும் வரலம்மா. வந்தா எடுத்தாரேன்" என்றார் அவர், பாவின் கட்டை அவிழ்த்தபடி.

நீ தறியில் உட்கார்ந்தவன். இதற்கு என்ன அர்த்தம் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் தெருவில் யாரையும் நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்று சொல்வதில்லை. பாவு முதலாளியுடையது, ஜரிகை முதலாளியுடையது, பல வீடுகளில் தறியே முதலாளியுடையது. அவர் நின்று ஒரு வார்த்தை கோபமாகப் பேசமாட்டார். பாவு இன்னும் வரவில்லை என்று மட்டும் சொல்வார்கள். இந்த வாரம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. பிறகு ஒருநாள் நான்கு பேர் வந்து தறிக் குழியிலிருந்து தறியைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். மகள் அப்பாவுக்கு எழுதுகிற கடிதமாக எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எல்லாவற்றுக்கும் தயங்கித் தயங்கி நிற்கிறது. பிறகுதான் வேறு மாதிரி எழுதலாமே என்று தோன்றியது. எனக்கு உன் அம்மாவின் பெயரை வைத்தாய். பெற்றவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று, பிறந்த நாளிலிருந்து என்னை அம்மா என்றே கூப்பிடுகிறாய். அந்தப் பெயரைச் சொல்லித் திட்டக்கூடாது என்பதால் என்னை ஒருநாளும் திட்டியதில்லை. பள்ளிக்கூடப் பதிவேட்டுக்கு வெளியே என் பெயரை யாரும் அதிகம் சொன்னதில்லை. பத்தாவதோடு அதுவும் நின்றுபோனது. என் அம்மா போய்ச் சேர்ந்த பிறகு நான் சமைத்து, நான் உன் சட்டையை இஸ்திரி போட்டு, எங்கே போகிறாய் எப்போது வருவாய் என்று நான் கேட்டு, தெருவே உன்னைக் கேலி செய்ய ஆரம்பித்தது. "இன்னாப்பா, ஒங்கம்மா வெளிய உட்டாங்களா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். "பர்மிஷன் வாங்கிகினுதான் வந்தேன்" என்று நீ சொல்வாய். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். இந்தக் கடிதம் முடிகிற வரைக்கும் நீ என் மகன். எனக்குப் பதினேழு வயதுதான் ஆகிறது என்பதை நீயும் மறந்துவிடு, நானும் மறந்துவிடுகிறேன்.

மகனே, நீ எடுத்த படத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் படம் எப்படி உண்டானது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? கல்யாண வீடியோ எடுத்து வந்த கேமராவை ஞாயிற்றுக்கிழமைகளில் நம் தெருவின் பக்கம் திருப்பினாய். ஒரே ஒரு புடவையை எடுத்துக்கொண்டு அதிலுள்ள ஒவ்வொரு இழையும் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பின்னாலேயே போகலாம் என்றாய். பட்டு சீனாவிலிருந்து வருகிறது, அங்கே விலை ஏறினால் இங்கே ஆரணிப் பக்கம் முள்ளிப்பட்டில் ஒரு வீட்டில் தறி நிற்கிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. இங்கே ஒருவர் யோசித்து யோசித்துப் போட்ட பார்டரை யாரோ கடையில் செல்போனில் படம் பிடித்து அனுப்ப, வேறு ஏதோ ஊரில் மிஷினில் அது மூட்டை மூட்டையாக ஓடுகிறது. நெய்து முடித்த புடவை கனடாவில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறது. நெய்தவர் மகள் செய்யாறு பக்கம் ஷூ கம்பெனி பஸ் ஏறுகிறாள். நீ கேள்வி கேட்டாய். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். நான் இருப்பதே யாருக்கும் தெரியாது என்பது அந்த வேலைக்கு நல்லதாகப் போயிற்று.

அந்த ஷூ கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் பெண்களிடம் பேசப் போனோமே, நினைவிருக்கிறதா? விடியற்காலைக் குளிரில் எல்லோரும் தலையில் துப்பட்டா சுற்றிக்கொண்டு நின்றார்கள். உலகமயமாக்கல் உங்கள் வாழ்க்கையை எப்படி மாற்றியது என்று நீ கேட்டாய். அந்த வார்த்தையைக் கேட்டதும் இருவர் நகர்ந்து போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும், "நான் தைக்கிற ஷூவ எவனோ வெளிநாட்டுல போட்டுகினு ஓடறான். என் செருப்புக்கு வாரு பிஞ்சு வாரம் ஆவுது. அத மொதல்ல எடுங்கண்ணா" என்று காலைத் தூக்கிக் காட்டினாள். பஸ்ஸுக்குள்ளிருந்து, "ஏய், மூஞ்சியக் காட்டாதடி, சூப்பரைசர் பாப்பான்" என்று இன்னொருத்தி கத்தினாள். நீ உடனே கேமராவை இறக்கி அவளுடைய காலை மட்டும் எடுத்தாய். அவள் கேட்கும் முன்பே செய்தாய். அன்று உன்னைப் பார்த்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அந்த மனுஷன் எங்கே போனான் என்றுதான் இப்போது கேட்கிறேன்.

எங்கே போனான் என்றும் எனக்குக் கொஞ்சம் தெரிகிறது. படம் முடிந்த பிறகு நீ பார்வையாளர்களைத் தேட ஆரம்பித்தாய். அதற்கு முன் உனக்கு அந்த மாதிரிப் பசி இருந்ததில்லை. ஊர் ஊராகப் படவிழாக்களுக்கு அனுப்பினாய். இங்கிலீஷில் வருகிற பதிலை என்னிடம் நீட்டி, "இன்னாம்மா போட்டுகீறான்?" என்பாய். வருந்துகிறோம் என்ற வார்த்தையை மட்டும் தேடிக் கண்டுபிடித்துச் சொல்வேன். சென்னையில் ஒரு மாடி ஹாலில் போட இடம் கிடைத்தபோது புதுச் சட்டை எடுத்தாய். போட்டிருந்த நாற்காலிகளில் பாதிக்குமேல் காலி. இரண்டு மாணவர்கள் ஏசிக்காக வந்து நன்றாகத் தூங்கினார்கள். படம் முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். நீ முகம் மலர்ந்து மைக்கை நீட்டினாய். "தம்பி, என் பொண்ணுக்குத் தையில கல்யாணம். ஆரணியில நல்ல புடவை எந்தக் கடையில வாங்கலாம்?" என்று கேட்டார். நீ பொறுமையாகப் பதில் சொல்லி, உன் செல் நம்பரையும் கொடுத்தாய். திரும்பி வரும்போது பஸ்ஸில், "ஒருத்தராவது ஆரணி பேரச் சொன்னாரும்மா" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. உன் படத்தைப் பார்க்க ஆளில்லாதது உன்னை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அன்றே எனக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பசியில்தான் கல்யாண மண்டபத்தில் அதைச் செய்தாய். மணப்பெண்ணின் மேக்கப் முடியவில்லை. மண்டபம் நிறைய ஜனம். மேடையில் இரண்டு நாற்காலியும் காலி. பின்னால் நீ கட்டிய பெரிய எல்இடி திரை. பெண்ணும் மாப்பிள்ளையும் கடற்கரையில் ஓடுகிற வீடியோவே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் வேறு வழியில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ என் பக்கம் திரும்பிய பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "வேணாம்ப்பா" என்றேன். உனக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அஞ்சே நிமிஷம்மா. எவ்ளோ ஜனம் பாரு" என்று சொல்லி, பென்டிரைவை மாற்றினாய்.

முதலில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தறியும் நூலும் வந்ததும், "எந்தக் கடை விளம்பரம்டா இது? நல்லா எடுத்துகீறான்" என்று எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார். பிறகு பரிமளா அக்கா வந்தாள். நாம் தினமும் பார்க்கிற பரிமளா அக்கா, நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு, ஒரு சுவர் அளவு உயரத்துக்கு. "டேய், நம்ம பரிமளாடா!" என்று விசில் அடித்தார்கள். அவள் திரையில் நிதானமாகப் பேசினாள்: "மிஷின்ல ஓட்னதுக்கும் நான் கையால நெஞ்சதுக்கும் ஒரே சீட்டுதான் ஒட்டறாங்க. எங்க மொதலாளி கடையிலயே என் புடவைக்குப் பக்கத்துல அத மடிச்சு வெக்கறாங்க. கைத்தறின்னு சொல்லித்தான் குடுக்கறாங்க. வாங்கறவங்களுக்கு எப்டி தெரியும்? ஏமாந்துதான் போவாங்க." விசில் நின்றது. மணப்பெண்ணின் அம்மா குனிந்து தான் கட்டியிருந்த புடவையைப் பார்த்தாள். அவளைப் பார்த்து அடுத்த நாற்காலிப் பெண்ணும் குனிந்தாள். ஒரு வரிசையே குனிந்தது. முன்வரிசை சோபாவில் முதலாளி இருந்தார். மணமக்களை வாழ்த்த வந்தவர். முகூர்த்தப் புடவை அவர் கடையில் எடுத்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. கையிலிருந்த ரோஸ்மில்க்கைக் கடைசி வரைக்கும் குடித்து, டம்ளரைச் சோபாவுக்கு அடியில் வைத்தார். வயர் என் காலடியில்தான் இருந்தது. பிடுங்கியிருக்கலாம். என் கை அசையவில்லை. பெண்ணின் சித்தப்பா ஓடிவந்து உன் சட்டையைப் பிடித்த பிறகுதான் திரையில் மறுபடியும் கடற்கரை வந்தது.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ அவமானப்பட்டவன் மாதிரி இல்லை. "பாத்தியாம்மா? ஒருத்தன் கூட செல்லப் பாக்கல. அவ்ளோ பேரு, ஒருத்தன் கூடப் பாக்கல!" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். உன் சட்டைப் பையே கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அது உனக்குத் தெரியவேயில்லை. நான் பரிமளா அக்காவை நினைத்துக்கொண்டிருந்தேன். அவளை அந்தக் கல்யாணத்துக்கு யாரும் அழைக்கவில்லை. தான் அங்கே பேசியதே அவளுக்குத் தெரியாது.

அவளை நீ படம் எடுத்த நாள் உனக்கு நினைவிருக்கும். முதலில் மாட்டேன் என்றாள். "ஆமா, இத எங்க போடுவீங்க? நம்ம ஊர்லயா?" என்று கேட்டாள். "சேச்சே, இதெல்லாம் வெளியூருக்கு. பெரிய பெரிய ஊர்ல படிச்சவங்க பாக்கறது. இங்க யாரு பாக்கப் போறா?" என்றாய். நீ பொய் சொல்லவில்லை. அன்று அப்படித்தான் நம்பினாய். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் கையிலிருந்த, ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டு உன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பாவு வராத அன்று மாலையே ஏகாம்பரம் அண்ணன் நம் வீட்டுக்கு வந்தார். நீ களம்பூரிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாய். அவர் உள்ளே வரவில்லை. படியில் நின்றபடியே, "மொதலாளிக்குக் கோவமெல்லாம் இல்லப்பா. படம் நல்லா வந்துகீதுன்னுதான் சொன்னாரு" என்றார். அதைக் கேட்டதும்தான் நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றேன். "நீ இத எடுத்துகினு ஊர் ஊரா போப்போறியாமே. அதுல பரிமளா இல்லன்னா அவளுக்குப் பாவு வந்துடும். இருந்தா, தறியக் கழட்ட ஆள் சொல்லிட்டாரு. நான் அவ்ளோதான் சொல்ல வந்தேன். என்ன ஒண்ணும் கேக்காத." உன் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். அவரும் முதலாளி வண்டியில் வருகிறவர்தானே.

நீ சட்டையை ஆணியில் மாட்டினாய். பிறகு என்னிடம், "அந்த நாலு நிமிஷத்த எடுத்துட்டா இன்னாம்மா இருக்குது படத்துல? மத்ததெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது. அவ ஒருத்திதான் நிஜத்தப் பேசினா" என்றாய். "நான் இன்னா இங்கியா போடறேன்? காஞ்சீபுரம், மெட்ராஸு, அதத் தாண்டி கோயமுத்தூரு. வெளியூரு தானே? சொன்ன சொல்லு மாறலியே." நான் சோறு போட்டேன். நீ சாப்பிட்டாய். வேறொன்றும் நடக்கவில்லை.

மகனே, வெளியூர் என்று ஒன்று இப்போது எங்கே இருக்கிறது? அதைத்தானே உன் படம் முழுக்கச் சொல்கிறாய்? சீனாவில் ஒருவர் விலையை ஏற்றினால் நம் தெருவில் தறி நிற்கிறது. கடையில் ஒருவர் பிடித்த போட்டோ அன்று மாலைக்குள் இன்னொரு மாநிலத்து மிஷினுக்குப் போகிறது. இழை அப்படிப் போய்வரும் உலகத்தில் பரிமளா அக்காவின் வார்த்தை மட்டும் போன இடத்திலேயே நின்றுவிடுமா? காஞ்சிபுரத்தில் ஒரு ஹாலில் யாராவது செல்லைத் தூக்கிப் பிடித்தால் போதும். நீ திரும்பி பஸ் ஏறுவதற்குள் அது முதலாளியின் கைக்கு வந்துவிடும். அவருக்கு அங்கே எத்தனை கடைக்காரர்கள் தெரியும் என்று நீயே படத்தில் சொல்கிறாய். பட்டையும் ஜரிகையையும் பற்றி அவ்வளவு யோசித்தவன் நீ. அந்தப் படத்தையும் ஒரு புடவை மாதிரி நினைத்துப் பார்த்தாயா? அது யார் வீட்டில் நெய்தது, எங்கே போகும், போன இடத்திலிருந்து என்ன திரும்பி வரும் என்று?

நாளை மறுநாள் நீ கிளம்புகிறாய். படங்களை ஊர் ஊராகப் போட்டுக் காட்டும் சில பிள்ளைகள் உன்னை அழைத்திருக்கிறார்கள். இத்தனை நாளில் முதல்முறையாக யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். நீ போக வேண்டும். போகாதே என்று நான் சொல்லமாட்டேன். பெற்றவள் சொல்வதுபோல மற்ற விஷயங்களைச் சொல்கிறேன். வெறும் வயிற்றில் பேசப் போகாதே. பசித்தால் உனக்குக் குரல் உயரும், கேட்கிறவர்கள் சண்டை என்று நினைப்பார்கள். அசட்டுக் கேள்வி கேட்கிறவரைத் திருத்தாதே. அவர் எழுந்து நிற்க எவ்வளவு நேரம் யோசித்தாரோ. எனக்குத் தெரியும், நான் எழுந்து நின்றதே இல்லை. ஆள் குறைவாக வந்தால் நாற்காலியை எண்ணாதே. வந்திருப்பவர்களுக்குக் காட்டு. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. எந்த ஊரில் எவரைப் படம் எடுத்தாலும், முடித்தவுடன் முதலில் அவர் வீட்டுக்குப் போய் அவருக்குப் போட்டுக் காட்டு. நீ பார்க்க ஆளில்லை ஆளில்லை என்று சென்னை வரைக்கும் அலைந்தாய். மூன்றாவது வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவளை நீ கேட்கவேயில்லை.

அதனால் நான் போனேன். நேற்று நீ பேட்டரி வாங்க வேலூர் போயிருந்தபோது லேப்டாப்பைத் துப்பட்டாவுக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு பரிமளா அக்கா வீட்டுக்குப் போனேன். பக்கத்தில்தான் இருக்கிறது. இருந்தாலும் வாசலில் நின்று கூப்பிட என்னால் முடியவில்லை. அவளே பார்த்து, "இன்னா பாப்பா, பூன மாரி நிக்கற? உள்ள வா" என்றாள். அவள் வீட்டுக்காரர் தறிக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தார். தறியில் ஒன்றுமில்லை. வேறெங்கே உட்காருவது என்று தெரியாததுபோல அங்கே உட்கார்ந்திருந்தார். மண்டபத்தில் நடந்ததையும் ஏகாம்பரம் அண்ணன் சொன்னதையும் ஒருவழியாகச் சொல்லிவிட்டு, லேப்டாப்பைப் பலகை மேல் வைத்து முதலிலிருந்து போட்டேன். மூவரும் பார்த்தோம்.

"ஐயய்யோ, இந்த நைட்டியவா போட்டுகினு இருந்தேன்? ஒங்கப்பன் ஒரு வார்த்த சொல்லக்கூடாது?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஷூ கம்பெனிப் பெண் செருப்பைக் காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் பேசும் இடம் வந்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்தாள். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். போட்டேன்.

"நல்லாத்தான் பேசிகீறேன், இல்ல?" என்று அவரைக் கேட்டாள்.

"நீ எப்பதான் கம்மியா பேசின?" என்றார் அவர். இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை.

"எடுத்துடுன்னு சொல்ல எனக்கு மனசு வரல பாப்பா" என்றாள் பிறகு. "வெச்சுக்கோன்னு சொல்ல தைரியம் வரல. தறி போச்சுன்னா நாங்க ரெண்டு பேருமே போச்சு. ஒரு தறியிலதான் ரெண்டு பேரும் மாறி மாறி ஒக்கார்றோம். எங்க பேஜாருல ஒங்கப்பாவ நான் கொற சொல்லல. ஆனா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேக்கலியே." கொஞ்ச நேரம் தறியையே பார்த்தாள். "சொன்னது பொய்யில்ல. யாராச்சும் சொல்லணும். சொல்றது நானா இருக்க வேணாம். அவ்ளோதான்."

யார் சொல்வார்கள் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டீ போடப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து நீ எடுத்துப்போக வைத்திருந்த ஹார்ட் டிஸ்கைத் திறந்தேன். பரிமளா அக்கா பேசும் நான்கு நிமிடத்தையும் வெட்டி எடுத்தேன். அழிக்கவில்லை. ஒரு மெமரி கார்டில் போட்டு அவளிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். தைரியம் வருகிற அன்றைக்கு அவளே உன்னிடம் தரட்டும். அந்தக் கார்டைக் குங்குமச் சிமிழுக்குள் போட்டு மூடினாள். உன் கம்ப்யூட்டரில் இருந்ததையும் எடுத்துவிட்டேன். நீ தேடாதே. உன்னைக் கேட்காமல் செய்தேன். கோபம் வந்தால் திட்டு. அந்தப் பெயரைச் சொல்லித்தான் திட்டக்கூடாது, வேறு எப்படி வேண்டுமானாலும் திட்டு.

வெட்டிய இடத்தில் படம் தடுக்கியது. தறியிலிருந்து நேராகக் கடைக் கண்ணாடிக்குத் தாவியது. நடுவில் ஒன்று இல்லை என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நீ சொன்னது சரிதான், அந்த இடம் இல்லாமல் படம் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நமக்கு முதலாளியிடமிருந்து வர வேண்டிய பாவு எதுவும் இல்லை. நம் வீட்டுத் தறிக் குழியை மூடிச் சிமென்ட் பூசி வெகுநாளாகிறது. கல்யாண ஆர்டர்கள் வராமல் போகலாம். அவர் சொன்னால் எந்த மண்டபத்திலும் உன்னை உள்ளே விடமாட்டார்கள். என்னைப் பற்றி ஊரில் என்ன பேசுவார்கள், நாளைக்கு யாராவது பெண் பார்க்க வந்தால் அவர்களிடம் என்ன காட்டுவார்கள் என்பதையெல்லாம் நினைத்தேன். நீ என்ன சொல்வாய் என்று தெரியவில்லை. வெட்டிய படத்தையும், அந்த இடத்துக்கு இன்று காலை நான் எடுத்ததையும் பார்த்துவிட்டு நீ முடிவு செய்.

இன்று காலை நீ டிக்கெட் எடுக்கப் பஸ் ஸ்டாண்டுக்குப் போன பிறகு கதவைத் தாழ் போட்டேன். சின்னக் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, நான் உட்காரப் போகும் நாற்காலியின் உயரத்துக்கு இறக்கினேன். மைக்கைத் துப்பட்டாவில் குத்தினேன். வீட்டில் நல்ல சுடிதார் இருந்தும் மாற்றவில்லை. மாற்றப் போனால் திரும்பி வரமாட்டேன் என்று தோன்றியது. பட்டனை அழுத்தினேன். சிவப்புப் புள்ளி எரிந்தது. போய் உட்கார்ந்தேன். இருமினேன். பிறகு கேமராவின் கண்ணாடியையே பார்த்து, என் பெயரை முழுதாகச் சொல்லிவிட்டு, "மிஷின்ல ஓட்ன புடவைக்கும் கையால நெஞ்ச புடவைக்கும் ஒரே சீட்டுதான் ஒட்டறாங்க" என்று பேச ஆரம்பித்தேன்.